பாவா என் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்த நாள்

வீடியோ கேம் ஓவியப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கலாமா, அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். (அடிக்கடி என்றால், இதுவரை மூன்று பேர். அதில் ஒருவர் பேச்சு வாக்கில் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்.) நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்களுக்கு அக்கா இருக்கிறார்களா? கல்யாணம் ஆகிவிட்டதா? மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து போகிறவரா?" என்று முதலில் விசாரிக்கிறேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நகரட்டும். எனக்கு நேர்ந்தது அவருக்கு நேராமல் இருந்தால் சரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோ கேம் செய்வதற்கு முன்னால், அதில் வருகிற வீரன் எப்படி இருப்பான், அரக்கனுக்கு எத்தனை கொம்பு, கோட்டை வாசல் எந்தப் பக்கம் என்று ஓவியர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் படம் போட்டுப் பார்ப்பார்கள். அதில் தேறியதையும் தேறாததையும் சேர்த்துப் பிற்பாடு ஒரு தடித்த புத்தகமாக வெளியிடுவார்கள். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, தூக்கினால் அம்மிக்கல் கனம். விளையாடத் தெரியாதவர்கள்கூட வாங்கலாம். நான் அந்த ரகம். எந்த கேமிலும் முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் செத்துவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அடிபட்ட வண்டிகளின் போட்டோக்களைப் பார்த்துச் சேதத்துக்கு மதிப்புப் போடுகிற வேலை. வாரத்தில் இரண்டு நாள் திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போவேன்; மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே. காலையிலிருந்து சாயங்காலம் வரை கீறல், நசுங்கல், விரிசல். இந்த வேலையில் ஒரு கெடுதல் இருக்கிறது. கொஞ்ச நாளில் எதைப் பார்த்தாலும் கண் முதலில் கீறலுக்குத்தான் போகும். நண்பன் ஆசையாகக் கல்யாண ஆல்பத்தை நீட்டினான். நான் ஓரம் மடங்கியிருக்கிறதே என்றேன். அவன் அதற்குப் பிறகு எனக்கு எதையும் காட்டவில்லை.

இப்படிப்பட்ட ஒருவன் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? படிப்பதை விட்டுவிட்டுக் காவல் காக்க ஆரம்பிப்பான். இணையத்தில் சேகரிப்பாளர்கள் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கே வேதவாக்கு ஒன்றே ஒன்றுதான்: கவர் பிரிக்காத புத்தகத்துக்குத்தான் மதிப்பு. நானும் அப்படியே நம்பினேன். என்னிடம் இருந்தவை பதினேழு. அதில் ஆறு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காதவை. அந்த ஆறில் ஒன்றுக்காக அரக்கோணம் வரை போய் கூரியர் ஆபீசில் காத்திருந்து வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்கை படாமல் திருத்தணி வரை கொண்டுவந்தேன். அட்டையில் ஒரு மொட்டைத் தலை வில்லன். கதைப்படி நாலு உலகங்களைச் சாம்பலாக்கியவன். அச்சில் இல்லாத பதிப்பு. இரண்டு வருஷமாக என் அலமாரியில் நடு இடத்தில் வீற்றிருந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

புத்தகங்களைத் தொடுவதற்கு வெள்ளைக் கையுறைகூட வைத்திருந்தேன். (ஒரு ஜோடிதான். அதில் ஒன்றை அம்மா பால் பாத்திரம் இறக்க எடுத்துக்கொண்டாள். நன்றாகச் சூடு தாங்குகிறது என்று பாராட்டவும் செய்தாள்.)

இனி பாவா. எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். அப்பா எங்களுக்கு நைனா, கோமதி அக்காவின் வீட்டுக்காரர் பாவா. பெயர் முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் எட்டு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு வந்தால் சும்மா உட்காரவும் மாட்டார். சொட்டுகிற குழாய், ஆடுகிற நாற்காலி, எதையாவது சரி செய்துவிட்டுத்தான் காபியே குடிப்பார். நான் பூஜித்துக்கொண்டிருந்த அந்தப் புத்தக அலமாரியைச் சுவரில் மட்டம் பார்த்து அடித்துக் கொடுத்ததே அவர்தான். இது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. பஸ், ஆட்டோ, தையல் மெஷின், பெட்டிக்கடைத் தராசு, எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். தறி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கறார். ஒரு தறிக்குப் பொட்டு விட்டுப்போனால் அதை அனாதையாக விட்டதாக அர்த்தம். பாவா காலையிலேயே தன் ஷெட்டில் எட்டுத் தறிக்கும் பூஜை போட்டு, ஆட்களுக்குப் பொரி கொடுத்துவிட்டு, அக்காவோடு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அம்மா என்னைப் பூசணிக்காய் வாங்கிவரக் கடைத்தெருவுக்கு விரட்டினாள். முந்தின நாளே வாங்கியிருக்க வேண்டியது, மறந்தவன் நான். (இந்தக் கதையில் எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனையில் நான்தான் வந்து நிற்பேன்.) நான் வெளியே போனதும், "பார்த்தி ரூம்ல கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சிடுங்க மாப்ள" என்று அம்மா பாவாவிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறாள்.

பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. சந்தன வாசனை. உள்ளே பாவா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மாவின் பட்டுப்புடவை மடித்து விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் என் புத்தகங்கள் வரிசையாக.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. வாளேந்திய வீராங்கனைக்கு நெற்றி நடுவில் ஒன்று. மூன்று தலை அரக்கனுக்கு மூன்று. ஒரு தலையைக்கூட விடவில்லை. இயந்திர மனிதனுக்கு நெற்றி எது என்று பிடிபடாமல் மார்பில் வைத்திருந்தார். ஒரு அட்டையில் ஆளே கிடையாது, வெறும் கோட்டை. அதன் வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் அளவெடுத்து வைத்ததுபோல இரண்டு. ஓரமாக ஆறு பிளாஸ்டிக் கவர்களை நாலாக மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு பிளேடு வைத்திருந்தார்.

"வா மச்சான்," என்றார் பாவா. "கம்ப்யூட்டருக்கு வெச்சா போதும்னாங்க அத்தை. புக்கெல்லாம் சும்மா கெடந்துச்சு. சரஸ்வதி பூஜை அதுவுமா புக்கை வுடலாமா?"

"பாவா... அந்தக் கவரு..."

"ஆங், அதுவா? கவர் மேல சந்தனம் நிக்கல மச்சான். வெக்க வெக்க வழுக்கிகினே போச்சு. அதான் பிரிச்சிட்டேன். புக்கு மேல பிளேடு படல, பாத்துத்தான் கீறினேன்."

அவர் மடியில் ஒரு புத்தகம் இருந்தது. அதற்குத்தான் கடைசியாக வேலை நடந்துகொண்டிருந்தது. என் வில்லன். அவனுக்குப் பொட்டு வைக்கவில்லை. தலை முழுக்க, உச்சியிலிருந்து காது மடல் வரை, சந்தனத்தைக் குழைத்து வழுவழுவென்று தடவியிருந்தார்.

"மொட்டை போட்டிருக்காரே," என்றார். "நம்ம ஊர்ல மொட்டைக்கு சந்தனம் தடவாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

திருத்தணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிருத்திகை வந்துவிட்டால் தெரு முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைகள்தான். மலையில் முடி இறக்கிவிட்டு வருகிறவர்கள். பாவாவின் கணக்கில் அந்த வில்லனும் ஏதோ வேண்டுதலை முடித்துவிட்டு வந்தவன். நாலு உலகங்களைச் சாம்பலாக்கியவன் தலை குளிர்ந்து, சாந்தமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் மண்டைக்குள் சேத அறிக்கை ஓடியது. முன் அட்டை, கறை, நிரந்தரம். கவர், இழப்பு, முழுமை. தோளிலிருந்த பூசணிக்காய் எப்போது விழுந்தது என்று தெரியாது. வாசலில் திருஷ்டிக்கு உடைக்க வேண்டியது, என் அறைக்குள் பிளந்து கிடந்தது.

"கையக் கழுவிட்டாவது தொட்டீங்களா?" என்று கத்தினேன்.

அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். மூடவில்லை. "இன்னா, இதையும் உங்க தறின்னு நெனச்சீங்களா, கண்டதைப் பூசறதுக்கு? தறி ஓட்டறவங்களுக்கு இதோட அருமை எங்க தெரியப் போவுது!"

இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் யாரும் இதைத் திருப்பிச் சொல்வதில்லை; முதல் வரியை மட்டும்தான் சொல்வார்கள். அது அவர்களுடைய பெரிய மனசு. ஆனால் நான் சொன்னதில் நிஜமான அசிங்கம் இந்த இரண்டாவது வரிதான். சொல்லி முடித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாவா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சோப்புப் போட்டுத்தான் கழுவினேன் மச்சான்," என்றார்.

அப்போதாவது நான் காலில் விழுந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கு வில்லனின் தலைதான் தெரிந்தது. துண்டை நனைத்துக்கொண்டு பாய்ந்தேன். அம்மா வாசற்படியிலிருந்து அலறினாள்: "டேய்! பூஜையில வெச்ச புக்கைத் தொடாதே! நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்!" சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. ஆக, சந்தனம் நிதானமாகக் காய்ந்து தாளுக்குள் இறங்குவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்கும் அம்மாவிடம் சண்டை போட்டேன்.

இந்தக் களேபரத்தில் பாவா எழுந்து போய்க் குழாயடியில் கைகளை மறுபடி கழுவினார். கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது.

"மாப்ள, ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க," என்று நைனா வழியை மறித்தார்.

"ஷெட்டுல ஆளுங்க காத்துகினு இருப்பாங்க மாமா. பொரி குடுக்கணும்."

பொரி காலையிலேயே கொடுத்தாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பண்டிகை நாளில் வீட்டு மாப்பிள்ளை போட்ட இலையில் உட்காராமல் போனால் அது சின்ன விஷயமில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன் பொம்மை புக்கை நீயே கட்டிகினு அழு. தீவாளிக்கு நாங்க வரல." பைக் கிளம்பிப் போய்விட்டது. அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. (நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆத்திரத்தில் இரண்டு வடை.)

மறுநாள் விடிந்ததும் வில்லனைத் துடைக்க உட்கார்ந்தேன். முதலில் துடைத்த மற்ற பொட்டுகளின் குங்குமம் துண்டில் ஒட்டி, துண்டிலிருந்து அவன் தலைக்கு ஏறி, மண்டை செக்கச்செவேல் என்று ஆனது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு வைத்தியம் கேட்டேன். ஒருவர் சாம்பார் கறையா என்று கேட்டார். இன்னொருவர், இனி இதைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், புத்தகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அன்றைக்கு அது எனக்குத் திட்டாகத் தெரிந்தது.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கென்று அம்மா முன்கூட்டியே எடுத்த வேட்டி சட்டைப் பை கூடத்து நாற்காலியில் இருந்தது. யாரும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் போனதும் நைனா ஒரே ஒரு தடவை பேசினார்: "இந்த வாசலுக்கு உங்க அக்கா வரணும்னா, அவரு வரணும். போய்ப் பேசிட்டு வா."

ஆர்.கே.பேட்டை வழியாக அம்மையார்குப்பம் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். "அன்றைய நிகழ்வுக்கு மனப்பூர்வமாக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தது. ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது, மாற்ற வேறு சொல் வரவில்லை.

மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. ஓடுகிற விசைத்தறி ஷெட்டுக்குள் மனிதக் குரல் எடுபடாது. எட்டுத் தறியும் தடதடத்துக்கொண்டிருந்தன. பாவா மூன்றாவது தறிக்கும் நாலாவது தறிக்கும் நடுவில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மனப்பூர்வமாக என்று ஆரம்பித்தேன். அவர் காதைக் காட்டிக் கையை விரித்தார். கொஞ்சம் சத்தமாக, "மன்னிச்சிடுங்க பாவா" என்றேன். மறுபடி கையை விரித்தார். வெளியே வாருங்கள் என்று சாடை காட்டியிருக்கலாம். அந்த அளவுக்கு அறிவிருந்தால் அங்கே போகும் நிலைமையே வந்திருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன்.

"நான் அறிவு கெட்டவன் பாவா! வாயில வந்ததைப் பேசிட்டேன்! என்னைச் செருப்பால அடிங்க!"

சரியாக "என்னை" என்ற இடத்தில் கரண்ட் போனது. பாவா ஷெட்டில் மட்டுமில்லை, தெரு முழுக்க. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்று, ஊரே நிசப்தமாகி, அந்த நிசப்தத்தில் மீதி இரண்டு சொற்கள் மட்டும் தெருக்கோடி வரை போயின. எதிர் வீட்டில் ஒரு அம்மா தறிக்கான பாவு நூலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பக்கத்து ஷெட்டிலிருந்து நாலைந்து தலைகள் நீண்டன. பாவாவிடம் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர், வாசலில் கிடந்த செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, உத்தரவு ஏதும் உண்டா என்பதுபோல முதலாளியைப் பார்த்தார்.

பாவா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "கரண்ட் எப்ப வரும்னு தெரியாது மச்சான்," என்றார். "அதுவரைக்கும் சொல்லிகினு இரு. நல்லா கேக்குது."

தெருவே சிரித்தது. உள்ளேயிருந்து அக்காவும் சிரித்துவிட்டாள். அதை நான் கேட்டேன். டீ வந்தது. ஷெட் வாசலில் உட்கார்ந்து குடித்தோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, தறி பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.  அவர் டீயை ஆற்றிக்கொண்டே வேறு ஒன்று சொன்னார்.

"அந்த மொட்டை ஆளுக்கு மொதல்ல முடி இருந்துச்சு, தெரியுமா?"

"எந்த ஆளு?"

"உன் புக்குல. கவரைப் பிரிச்சப்ப உள்ள பொரட்டிப் பாத்தேன். பத்துப் பதினஞ்சு மொகம் வரைஞ்சு பாத்திருக்காங்க. மொதப் படத்துல இடுப்பு வரைக்கும் முடி. போகப் போகக் கொறைச்சிகினே வந்து, கடைசியிலதான் மொட்டை. அதைப் பாத்துட்டுத்தான், சரி, ஏதோ வேண்டுதல்னு நெனச்சிகினேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன், நீ பாக்கலியா?"

நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் அவனைக் காவல் காத்த எனக்கு அவனுக்கு முடி இருந்த விஷயமே தெரியாது. வீட்டுக்கு வந்து முதல்முறையாக அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். பாவா சொன்னது அப்படியே இருந்தது. முதல் படத்தில் இடுப்பு வரை முடி; பக்கம் திருப்பத் திருப்பக் குறைந்துகொண்டே வந்தது. யாரோ ஒரு ஓவியன் இரவு பகலாக யோசித்த யோசனை அத்தனையும் அதில் இருந்தது. அதைப் படித்தவர் பாவா. கவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள். பாவா இலையில் உட்கார்ந்தார். நான் அதிரசத்துக்குக் கை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "கையக் கழுவினியா?" என்றாள். நைனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அது ஆகிவிட்டது ஏழு வருஷம். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதைத் தொட்டாலும், டிவி ரிமோட்டோ, புது ஃபிரிட்ஜோ, பிறந்த குழந்தையோ, யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விடுவதில்லை. அம்மையார்குப்பத்தில் எனக்கு வேறு பெயர் இருக்கிறது. செருப்பு சம்பந்தப்பட்டது, விட்டுவிடுங்கள்.

எல்லோரோடும் பாவாவும் சிரிப்பார். மன்னித்தும்விட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் புத்தகத்தை அவர் தொடுவதில்லை. புதிதாக ஒன்று வந்தால் நானே கவரைக் கிழித்துவிட்டு எடுத்துப் போய் நீட்டுவேன். "வேணாம் மச்சான், நீயே பொரட்டு, நான் பாக்கறேன்" என்பார். நான் பக்கம் திருப்புவேன். அவர் குனிந்து, பொறுமையாக, ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். எந்தப் படத்தை ஏன் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே, சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: சேர்க்கலாம். வந்த அன்றே பிரித்துவிடுங்கள். வீட்டில் யாராவது ஆசையோடு தொட வந்தால், சந்தனத்தோடு வந்தாலும் சரி, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் பாவா வந்திருந்தார். ஸ்கூட்டர், கிரைண்டர், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், அலமாரி முன்னால் நின்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வைங்க பாவா," என்றேன். ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்கிறேன்.

"உன் பொருளு மச்சான். உன் கையால வெச்சாத்தான் நல்லா இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "கையக் கழுவினியாடா?" வீடே சிரித்தது. பாவாவும் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொட்டு வைத்தேன். வழக்கம்போல எல்லாம் கோணல்மாணல். வில்லனின் சிவந்த மண்டைக்குச் சந்தனம் தடவி முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கத் திரும்பினேன். பாவா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.